ஏறும் முன்னே சொன்ன நன்றி

அத்தியாயம் பதினொன்று

நன்றி சொல்வதிலும் ஒரு தவறு நேரக்கூடும் என்று கட்டடச் சாரம் கட்டும் தேவதாஸின் குடும்பத்தார் அந்த நாள்வரை எண்ணியதே இல்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் சாலையைப் பார்த்தபடி நிற்கும் சாரம் கட்டுவோர் சங்க அலுவலகம், அன்று காலை கல்யாண வீட்டைப் போலக் களைகட்டியிருந்தது. மொட்டை மாடியிலிருந்து வாசல்வரை தொங்கிய ஃப்ளெக்ஸில் சட்டமன்ற உறுப்பினர் சண்முகப்ரியா இரு கைகளையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே, பேருந்தில் விரைந்து போகிறவர்களும் படிக்கத்தக்க பெரிய எழுத்துகள்: "எங்கள் உயிர் காக்கும் பிரிவைச் சட்டத்தில் சேர்த்துத் தந்த அம்மா அவர்களுக்குக் கோடானுகோடி நன்றி!"

சேர்த்துத் தந்த என்று எழுதியிருந்ததுதான் சிக்கல். சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. சென்னையில், பேரவையில், அன்று மதியத்துக்குள்தான் அது எடுத்துக்கொள்ளப்பட இருந்தது.

அந்த ஒரு பிரிவுக்காக இந்தக் குடும்பம் எத்தனை வாசல்களில் நின்றது! கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சாரம் கட்டி முடித்துவிட்டால், கட்டியவரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அதிலிருந்து ஒரு குழாயைக்கூட யாரும் கழற்றக் கூடாது. முதலாளியானாலும் சரி, பொறியாளரானாலும் சரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கேளாமல் கழற்றப்பட்ட ஒரு குறுக்குக் குழாயால்தான் தேவதாஸின் மகன் ஜெப்ரி மூன்றாம் மாடி உயரத்திலிருந்து விழுந்தான். உயிர் தப்பியது. இடது கால் மட்டும் மடங்க மறுத்துவிட்டது.

உயரத்தில் பணிபுரிவோருக்காக அரசு கொண்டுவந்த சட்டமுன்வடிவில் இந்தப் பிரிவு இல்லை. பள்ளியில் தமிழ் கற்பிக்கும் மருமகள் லின்சி மனு எழுதினாள். எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராயினும் சண்முகப்ரியா அதைத் தன் திருத்தமாகக் கொடுத்தார். "உங்கள் திருத்தத்தை நீங்கள் திரும்பப் பெறுங்கள், அதையே அரசின் திருத்தமாக நான் கொண்டுவருகிறேன்" என்று அமைச்சரும் சென்ற வாரம் இறங்கி வந்தார். அந்தச் செய்தியைக் கேட்ட தேவதாஸின் மனைவி ஜெயக்கொடி, தைத்துக்கொண்டிருந்த பச்சை வலையிலேயே முகத்தைப் புதைத்து அழுததையும் ஊர் அறியும்.

இன்றும் அவர் அலுவலகத்தின் பின்னறையில் அமர்ந்து, கட்டடங்களின் சாரத்தைச் சுற்றிக் கட்டும் அந்தப் பச்சை வலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் கணவரின் கைபேசி ஒலித்தது. ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவது தேவதாஸின் வழக்கம். தனக்குக் கிடைக்கும் நல்ல வார்த்தை நாலு பேர் காதிலும் விழட்டும் என்கிற தாராளம் அது.

"அண்ணா, நான் சண்முகப்ரியா பேசறனுங்க. சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்கம்மா. நீங்க சாப்டீங்களா?"

"ஆச்சுங்க. ஊட்ல அக்கா சௌக்கியங்களா?"

"கர்த்தர் புண்ணியத்துல எல்லாருஞ் சௌக்கியமுங்க."

"சரிங்க அண்ணா... அந்த ஃப்ளெக்ஸ் யாருங்க வெச்சது?"

"நாமதானுங்க!" தேவதாஸின் குரலில் பெருமை பொங்கியது. "நல்லா வந்திருக்குதுங்களா?"

எதிர்முனையில் ஒரு மூச்சு நீளமாக வெளிப்பட்டது.

"அண்ணா, நான்தான் சொன்னனேங்க. முடியறவரைக்கும் ஒண்ணும் வேண்டாமுங்கன்னு."

"சொன்னீங்கம்மா. நீங்க அப்படித்தானே சொல்லுவீங்க! பெரிய மனசு."

ஜெயக்கொடியின் கால் தையல் இயந்திரத்தின் மிதியில் அப்படியே நின்றது. நடந்தது அவருக்குப் புரிந்துபோயிற்று.

காபி வேண்டுமா என்றால் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறை வாங்கிக்கொள்வதுதான் இந்தப் பக்கத்து மரியாதை. சண்முகப்ரியா ஒரு முறை வேண்டாம் என்றதை மரியாதைக்குச் சொன்னதாகவே தேவதாஸ் எடுத்துக்கொண்டுவிட்டார். அது உண்மையாகவே வேண்டாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

போதாக்குறைக்குச் சாரக்காரர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. அவர்களுக்கான நன்றியை வேலை முடிந்தபின் யாரும் சொல்வதில்லை. கட்டடம் எழும்பி, வர்ணம் பூசி, வாழைமரம் கட்டுகிற நாளில் சாரம் அங்கே இருக்காது. கட்டியவர்கள் வேறோர் ஊரில் வேறொரு சுவரோடு இருப்பார்கள். ஆகவே சாரம் கட்டி முடிந்தவுடன், அதன்மீது ஒருவரும் ஏறும் முன்பே, வீட்டுக்காரர் ஒரு துண்டு போர்த்தி, பழம் கொடுத்து நன்றி சொல்லிவிடுவார். வாங்கிக்கொண்டு, கட்டியவர் முதல் ஆளாக ஏறிக் காட்டுவார். முப்பது ஆண்டுகளாக இப்படியே நன்றி வாங்கிப் பழகியவர், நன்றி சொல்லும்போது மட்டும் எப்படிக் காத்திருப்பார்?

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க," சண்முகப்ரியாவின் குரல் தணிந்தது. "ஃப்ளெக்ஸ் போட்டோ இங்க மந்திரி கை வரைக்கும் வந்திருச்சு. அவரு படம் இல்ல, பேரு இல்ல. பேரு அரசுக்குத்தான்னு ஒத்துக்கிட்டு, வாக்குத் தவறி நான் முந்திக்கிட்டேன்னு அவங்க கட்சியில சத்தம். திருத்தமே வேண்டாம், பழையபடியே சட்டத்தை நிறைவேத்திக்கலாம்னு பேசறாங்க. என்னோட திருத்தத்தை நான் வாபஸ் வாங்கிட்டனுங்க. இனி என் கையில ஒண்ணுமில்ல."

தேவதாஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"இப்ப என்னங்கம்மா பண்ணோணும்?"

"மந்திரி ஒருத்தரு பேச்சைக் கேப்பாரு. ரெண்டு பேரும் ஒரே ஹாஸ்டல்ல இருந்து படிச்சவங்க. உங்க ஊருதான்." அவர் தயங்கினார். "லட்சுமணசாமி அய்யா. அவரு ஒரு ஃபோன் போட்டாப் போதும். மதியத்துக்குள்ளங்க."

ஜெயக்கொடி தையலை விட்டு முன்னறைப் பக்கம் திரும்பினார். பெயர் அப்படிப்பட்டது.

மோட்டார் பம்ப் ஆலை நடத்துபவர், ஆளும் கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் என்பதெல்லாம் ஊருக்கு. இந்தக் குடும்பத்துக்கு லட்சுமணசாமி என்றால் ஒரே அடையாளம்தான். ஜன்னல் சட்டங்களை ஏற்றி வந்த லாரி உள்ளே வர இடைஞ்சலாக இருக்கிறது என்று, அந்தக் குறுக்குக் குழாயை எடுக்கச் சொன்ன முதலாளி அவர். ஜெப்ரி விழுந்தது அவருடைய புதிய கட்டடத்தில்தான்.

"அந்தாளு கேட்டுக்குள்ள நான் கால் வெக்க மாட்டேன்," என்றார் தேவதாஸ், அழைப்பு முடிந்ததும்.

"நீங்க வெக்க வேண்டாமுங்க. மொதல்ல ஃப்ளெக்ஸை இறக்குங்க," என்றார் ஜெயக்கொடி.

"அதுவும் மாட்டேன்."

"ஏனுங்க!"

"அந்தம்மா நமக்கு ஒழச்சது பொய்யா? சொன்ன நன்றியைத் திருப்பி வாங்கறதா? அது என்ன பொழப்பு, ஜெயா?"

ஜெயக்கொடியால் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. பிள்ளை மருத்துவமனையில் கிடந்தபோது பழங்களோடு வந்த லட்சுமணசாமியை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவரும் இதே மனிதர்தான். நன்றியிலும் பிடிவாதம், கோபத்திலும் பிடிவாதம்.

"நான் போய்ட்டு வாரேன்," என்று எழுந்து முந்தானையில் ஒட்டியிருந்த பச்சை நூலைத் தட்டிவிட்டார்.

கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னாலிருந்து ஜெப்ரி ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். "உக்காருங்கம்மா பின்னால."

"நீ வேண்டாம் கண்ணு."

"பஸ்ஸுல போயி எறங்கறதுக்குள்ள சட்டமன்றத்துல மதிய சாப்பாடு போட்டுருவாங்க. வாங்க."

கியர் இல்லாத வண்டி. நீட்டிய கால் நீட்டியபடியே இருக்க, ஜெப்ரி அதைப் பழக்கிவைத்திருந்தான். சற்றுத் தூரம் போனபின் கேட்டான்:

"அங்க போயி என்ன பேசப் போறீங்க?"

"மன்னிப்புத்தான் கேக்கோணும்."

"அவரு நம்மகிட்டக் கேக்க வேண்டியதை நாம அவருகிட்டப் போயிக் கேக்கறோம். நல்ல நாயமுங்க."

"பேசாம ஓட்டு."

"ஓட்டறேன். நான் கேட்டுக்கு வெளிய நிக்கறேன். உள்ள போயி அந்தக் கட்டடத்தை வேற பாக்கோணுமாக்கும்."

பம்ப் ஆலையும் வீடும் ஒரே வளாகத்தில் இருந்தன. உள்ளே நுழைந்தவுடன் அந்தக் கட்டடம்தான் கண்ணில் பட்டது. மூன்று பக்கம் பூசி முடிந்து, சாலையைப் பார்த்த பக்கம் மட்டும் செங்கல் தெரிய நின்றது. அந்த விபத்துக்குப் பின் கோவையிலோ சூலூரிலோ காங்கேயத்திலோ எந்தச் சங்கத்து ஆளும் அங்கே சாரம் கட்டப் போகவில்லை. வெளியூர் ஆட்களை லட்சுமணசாமியும் அழைக்கவில்லை. ஜெயக்கொடி அந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார்.

கதவைத் திறந்தவர் லட்சுமணசாமியின் மனைவி அம்புஜம். ஒரு கணம் அவர் முகம் வெளிறியது. பிறகு, "வாங்க, வாங்க. உள்ள வாங்க ஜெயக்கொடி," என்று கையைப் பிடித்தார். பெயர் அவருக்கு நினைவிருந்தது.

"அய்யா இருக்காருங்களா, அக்கா?"

"இருக்காரு. காபி சாப்டுங்க."

"வேண்டாமுங்க."

"ஒரு வாய் சாப்டுங்க."

"இல்லீங்க அக்கா, இப்பத்தான்..." என்று தொடங்கிய ஜெயக்கொடி நிறுத்திக்கொண்டார். காலையிலிருந்து இந்த வேண்டாம் செய்துவிட்ட வேலை போதாதா? "குடுங்க அக்கா. குடிக்கறேன்."

அம்புஜம் சன்னல் வழியே வாசலைப் பார்த்தார். "வெளிய வண்டியோட நிக்கறது யாரு? தம்பியா? அய்யோ, பையனை வெயில்ல நிறுத்திப்போட்டு வந்திருக்கீங்க!" மறுப்பதற்குள் அவரே படியிறங்கிப் போய்விட்டார்.

ஆக, லட்சுமணசாமி அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் எதிரில் தாயும் மகனும் இருவருமே அமர்ந்திருந்தார்கள். உயரமான மனிதர். நரை நன்றாகக் கூடியிருந்தது. கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றார். ஜெப்ரியின் முகத்தைப் பார்த்தார். கால் பக்கம் மட்டும் பார்வை போகவில்லை.

"தம்பி... கால் எப்படி இருக்குதுங்க?" பாதி வயதுள்ளவனுக்கு அத்தனை மரியாதை.

"நல்லாத்தான் இருக்குதுங்க. மழை வாரதுக்கு முந்தின நாளே சொல்லிப்போடும். டிவில அறிக்கை பாக்கறதையே உட்டுட்டமுங்க."

அம்புஜம் சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். லட்சுமணசாமி சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

ஜெயக்கொடி வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வார்த்தைகளை எடுத்தார். "அய்யா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஃப்ளெக்ஸ் விஷயத்துல எங்க ஆளுங்க அவசரப்பட்டுட்டாங்க. மந்திரி அய்யாவை மரியாதைக் குறைவா நெனச்சதில்லீங்க. அதுக்காக அந்தப் பிரிவையே எடுத்துட்டா..."

"போட்டோ எனக்கும் வந்துச்சுங்க அம்மணி," என்றார் லட்சுமணசாமி. "கட்சிக்காரங்க காலையிலிருந்து கூப்புட்டுட்டே இருக்காங்க. எனக்கென்னங்க கோபம்? ஆனா நான் மறுபடியும் பேசினா, சாரக்காரங்களுக்கு இவன் ஏன் இப்படிப் பறக்கறான்னு கேப்பாங்க. ஒருக்கா பேசினதுக்கே..."

அவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் நிறுத்துவதற்குள் சொல் வெளியே வந்துவிட்டது.

"ஒருக்கா பேசினீங்களா?" என்று கேட்டவன் ஜெப்ரி.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி."

"ஒண்ணுமில்லையா?" அம்புஜம் காபித் தட்டை மேசைமேல் வைத்த சத்தம் கூடத்தில் எதிரொலித்தது. "எத்தனை நாளைக்குத்தான் மூடி வெப்பீங்க? ஜெயக்கொடி, அந்தம்மா சண்முகப்ரியா திருத்தம் குடுத்தது நெசம். எதிர்க்கட்சித் திருத்தத்தை எந்த மந்திரி எடுத்துக்குவாரு, சொல்லுங்க? இவரு ரயிலேறிச் சென்னைக்குப் போனாரு. மந்திரி ஊட்டு வாசல்ல காத்திருந்து பாத்தாரு. 'அந்தப் பைப்பை எடுக்கச் சொன்னது என் வாய்தான். அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தா என் வாய் அடங்கியிருக்கும். ஒரு பையன் நல்லா நடந்துட்டு இருந்திருப்பான்'னு சொன்னாராமா. கூட இருந்த பி.ஏ.தான் எனக்குச் சொன்னாரு. இவரு எனக்கே சொல்லல."



ஜெயக்கொடியின் மனதில் இரண்டு ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருந்த ஒன்று அசைந்தது. இந்த மனிதரை அவர் சபித்ததில்லை. சபிப்பது அவர் வழக்கமில்லை. ஆனால் இரவு ஜெபத்தில் எல்லாருக்காகவும் வேண்டும்போது இந்த ஒரு பெயர் வந்தால் மட்டும் தாண்டிப் போய்விடுவார். இப்போது அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், தவறு செய்த பிள்ளையைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

மன்னிப்புக் கேட்க வந்தவருக்கு இப்போது அந்தச் சொல் பொருந்தவில்லை. ஆத்திரமும் பொருந்தவில்லை. அவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"ரொம்ப நன்றிங்க அய்யா."

"வேண்டாமுங்க அம்மணி!" லட்சுமணசாமி பதறி எழுந்தார். "அதை மட்டும் எனக்குச் சொல்லாதீங்க. உங்க ஊட்டுக்காரரு அன்னைக்கு இங்க சாரம் கட்டி முடிச்சப்ப, நானும்தான் துண்டு போத்தி நன்றி சொன்னேன். பெருசா, எல்லாரு முன்னாலயும் சொன்னேன். சொல்லிப்போட்டு மறுநாளே பைப்பை எடுக்கச் சொன்னேன். நன்றிங்கறது சொன்னதோட முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டனுங்க."

ஜெப்ரி காபியை எடுத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்:

"அய்யா, நேரம் ஆகுதுங்க. ஃபோன் போட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

அதைவிடப் பெரிய மன்னிப்பை அந்த வீட்டில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. லட்சுமணசாமி கைபேசியை எடுத்தார்.

அமைச்சர் உடனே கிடைக்கவில்லை. உதவியாளர், பிறகு இன்னொருவர், பிறகு மீண்டும் உதவியாளர். கடைசியில் கிடைத்தபோது லட்சுமணசாமி சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நான்தாம்ப்பா... ஆமா, அதுக்குத்தான். இல்ல, கேளு. இவங்க கட்சிக்காரங்க இல்லப்பா, சாரக்காரங்க. ஏறுறதுக்கு முன்னாலயே நன்றி சொல்றதுதான் இவங்க வழக்கம்... ஆமா, ஏறுறதுக்கு முன்னால. உனக்கு ஏன் சொல்லலையா? உனக்கு முன்னாலயே சொல்லியிருந்தா நீ காக்கா புடிக்கறாங்கன்னு சொல்லியிருப்பே. சிரிக்காத. அந்தப் பையன் இப்ப என் முன்னாலதான் உக்காந்திருக்கான். அந்தப் பிரிவை எடுத்துப்போட்டு அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது, நீயே சொல்லு... சரி... சரிப்பா."

கைபேசியை இறக்கினார். "பாக்கறேன்னான். அவ்வளவுதானுங்க சொன்னான்."

பார்க்கிறேன் என்று அரசியலில் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

வாசல்வரை வந்த லட்சுமணசாமி குரலைத் தாழ்த்தினார். "அம்மணி, ஒரு உதவி. நான் சென்னைக்குப் போனது உங்க ஊட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாமுங்க. பரிகாரம் பண்ணிப்போட்டு கணக்குத் தீந்துச்சுன்னு வந்து நிக்கறான்னு நெனச்சுருவாரு. நான் அதுக்குப் பண்ணலீங்க."

ஜெயக்கொடி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு நடந்தார். லட்சுமணசாமி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், சங்க அலுவலகம் கண்ணில் பட்டபோது ஜெப்ரி, "அவரு என் காலைக் கடைசி வரைக்கும் பாக்கலீங்கம்மா," என்றான்.

"ஆமா கண்ணு."

"அடுத்த தடவை பாக்கச் சொல்லோணும்."

அலுவலகத்தில் கூட்டம் கூடியிருந்தது. ஃப்ளெக்ஸ் இறங்கவில்லை. மூத்த உறுப்பினர் சுப்பண்ணன் மட்டும் யாருக்கும் தெரியாமல் அதை அவிழ்க்க மாடி ஏறியிருக்கிறார். அவர்களே போட்ட முடிச்சு அவர்களுக்கே அவிழவில்லை. கத்தி கேட்டுக் கீழே வந்தபோது தேவதாஸ் கையில் சிக்கிக்கொண்டார்.

"அவிழ்க்கறதுக்கா கட்டுனோம், சுப்பண்ணா?" என்று தேவதாஸ் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் பேச்சு நின்றது.

"பேசினாரா?"

"பேசினாருங்க."

"என்ன கேட்டாரு பதிலுக்கு?"

"ஒண்ணும் கேக்கலீங்க."

தேவதாஸ் அவரை உற்றுப் பார்த்தார். மேலே கேட்கவில்லை.

பிறகு காத்திருத்தல். பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு லின்சி வந்து சேர்ந்தாள். மாமியாரின் அருகே அமர்ந்து, வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள். முன்னறையில் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்தது. யாரும் கேரியரைத் திறக்கவில்லை. ஜெயக்கொடி ஒரே ஓரத்தை இரண்டு முறை அடித்துவிட்டதைப் பின்னரே கவனித்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அன்றைய ஜெபத்தில் அவர் எந்தப் பெயரையும் தாண்டிப் போகவில்லை.

கைபேசி ஒலித்தபோது தேவதாஸ் அதை எடுக்கத் துணியவில்லை. ஜெப்ரி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான்.

"அண்ணா!" சண்முகப்ரியாவின் குரலுக்குப் பின்னால் பலர் பேசும் இரைச்சல். "அண்ணா, சாப்டீங்களா?"

"இல்லீங்கம்மா," என்றார் தேவதாஸ். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னார்.

"அப்ப சாப்டுங்க. நிறைவேறிருச்சுங்க! பிரிவோட நிறைவேறிருச்சு!"

அறை வெடித்தது. சுப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டு, மீண்டும் எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரைச்சலுக்கு மேலே சண்முகப்ரியா கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "மந்திரி என்ன சொன்னாருன்னு கேளுங்க! 'கோவையில் சாரம் கட்டும் தொழிலாளர்கள் வேலை நடப்பதற்கு முன்பே நன்றி சொல்கிறவர்களாம். எதிர்வரிசை அம்மையார் படத்தோடு அந்த நன்றி வந்து சேர்ந்துவிட்டது. வாங்கியாகிவிட்டதால் இனி நாம் வேலையைச் செய்துதான் ஆக வேண்டும்' அப்படின்னாருங்க. சபையே சிரிச்சுப்போச்சு. எங்க பக்கத்துலயும் மேசையைத் தட்டினாங்க."

 தேவதாஸ் மகனின் தலையில் கைவைத்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

"மாமா, ஆளுநர் ஒப்புதல் ஆகோணும், விதிகள் எழுதோணும். இன்னும் வேலை இருக்குதுங்க," என்றாள் லின்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இருக்கட்டும் அம்மணி. அதுக்கும் மனு எழுத நீ இருக்கறே," என்றார் தேவதாஸ். பிறகு தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு சங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. சொற்பொழிவு வரப்போகிறது.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் போடறோம். இந்தத் தடவை மந்திரி அய்யாவுக்கு மொத நன்றி. அப்பறம் சண்முகப்ரியா அம்மாவுக்கு. மனு எழுதின எங்க மருமகளுக்கு. அலைஞ்ச சங்கத்து ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும். ஆண்டவருக்கு." அவர் சற்று நின்றார். அடுத்த சொல் அவருக்கு எளிதாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இன்னைக்கு ஃபோன் போட்டதுக்கு, அந்தாளுக்கும் ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அதுக்கு மேல கெடையாது." கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "செஞ்சது யாரோ, அவங்களுக்கு நன்றி போய்ச் சேரோணும். ஏதாச்சும் விட்டுப்போச்சா? இப்பவே சொல்லுங்க."

சங்கத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதுவும் விட்டுப்போனதாக அவர்களுக்குத் தெரியவில்லை.

ஜெப்ரி தாயைப் பார்த்தான். அவன் கண்களில் அவசரமில்லை. சொல்லுங்கள் என்றும் இல்லை, சொல்லாதீர்கள் என்றும் இல்லை.

ஜெயக்கொடி தையல் இயந்திரத்தின் முன்னிருந்து எழுந்தார். மடியிலிருந்த வலை தரையில் சரிந்தது. தெரிய வேண்டாம் என்று லட்சுமணசாமி கெஞ்சிக் கேட்டது ஒரு பக்கம் இழுத்தது. முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர், செய்தவருக்கு நன்றி போய்ச் சேர வேண்டும் என்று வெள்ளை மனதோடு கேட்பது மறுபக்கம் இழுத்தது.

"ஏனுங்க," என்றார். "ஒண்ணு விட்டுப்போச்சுங்க."

தேவதாஸ் புன்னகையோடு திரும்பினார். "என்ன ஜெயா?"

ஜெயக்கொடி வாயைத் திறப்பதற்குள், ஜெப்ரி தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதை இழுத்துத் தந்தைக்குப் பின்னால் போட்டான்.

"அப்பா," என்றான். "மொதல்ல நீங்க உக்காருங்க."